குன்றின் மேல் ஒன்பது நாள்கள்

ஆப்கானிஸ்தான் வரலாற்றுத் தொடர்: அத்தியாயம் 17

2001 நவம்பர் 13. தாலிபான்கள் இரவோடு இரவாகக் காபூலை விட்டுப் போயிருந்தார்கள். பொழுது விடிந்ததும் ஷொமாலி சமவெளி வழியாக வடக்குக் கூட்டணியின் படைகள் நகருக்குள் நுழைந்தன. மூன்று நாள்களுக்கு முன்புதான் நியூயார்க்கில், பர்வேஸ் முஷாரஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் நண்பர்கள் தெற்கே முன்னேறட்டும், ஆனால் காபூலுக்குள் நுழைய வேண்டாம் என்று அமெரிக்க அதிபர் புஷ் கேட்டுக்கொண்டிருந்தார். காவலின்றிக் கிடந்த தலைநகரின் வாசலில் நின்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சென்ற அத்தியாயத்தை அங்கேதான் நிறுத்தினோம். தாலிபான்கள் போய்விட்டார்கள், சரி. அந்த இடத்தில் உட்காரப்போவது யார்?

இந்தக் கேள்வி காபூலுக்குப் புதிதல்ல. 1992 ஏப்ரலில் நஜிபுல்லா ஆட்சி கவிழ்ந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த பதிலை நான்கு அத்தியாயங்களாகப் பார்த்திருக்கிறோம். ஹிக்மத்யாரின் ஏவுகணைகளுக்குப் பின்னால் பாகிஸ்தான், ஹஸாராக்களின் ஹிஸ்பே வஹ்தத்துக்குப் பின்னால் ஈரான், சய்யாஃபுக்குப் பின்னால் சவூதிப் பணம், தோஸ்துமுக்குப் பின்னால் உஸ்பெகிஸ்தான். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தளபதி, ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு வெளிநாடு. சோவியத் படையெடுப்பின்போதும் பெரிதாகச் சேதமடையாத காபூல், விடுதலைக்குப் போராடியவர்களின் கையில் சிக்கித்தான் இடிந்தது. 2001 நவம்பரில் அதே தளபதிகளில் பலர் அதே நகருக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் வாகனங்களைப் பார்த்துக் கைதட்டிய காபூல்வாசிகளில் அந்த ஆண்டுகளை மறந்தவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

எனவே இந்த முறை ஆப்கானியர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதோடு, அவர்களுக்குப் பின்னால் நிற்கும் நாடுகள் என்ன செய்யப்போகின்றன என்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. அந்த நாடுகளில் மிகக் கடுமையான பகை கொண்ட இரண்டு, அமெரிக்காவும் ஈரானும்.

அந்தப் பகையின் ஆழத்தைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். 1979 நவம்பரில் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, அதிலிருந்தவர்கள் 444 நாள்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1980 ஏப்ரலோடு இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு அறுந்தது. 1988 ஜூலையில் பாரசீக வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, 290 பேர் மாண்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஆப்கானிஸ்தான் விஷயத்தில் இவ்விரு நாடுகளின் நலனும் ஒரே இடத்தில் வந்து நின்றது. அது எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள ஈரானின் கிழக்கு எல்லைக்குப் போக வேண்டும்.

1998 ஆகஸ்ட் 8 அன்று தாலிபான்கள் மஸாரே ஷரீஃபைப் பிடித்தபோது நடந்த கொலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். ஆயிரக்கணக்கான ஹஸாராக்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். அன்று ஈரானியத் துணைத் தூதரகத்துக்குள் புகுந்தவர்கள் அங்கிருந்த தூதரக அதிகாரிகளையும் செய்தி நிறுவனத்தின் நிருபர் ஒருவரையும் சுட்டுக் கொன்றார்கள். தெஹ்ரான் கொதித்தது. எல்லையில் லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் குவிக்கப்பட்டார்கள். கடைசி நேரத்தில் போர் தவிர்க்கப்பட்டது, ஆனால் காயம் ஆறவில்லை.

தண்ணீர்ப் பிரச்சினையும் இருந்தது. ஹெல்மந்த் ஆறு ஆப்கானிஸ்தானில் பிறந்து, ஈரானின் சீஸ்தான் பகுதியிலுள்ள ஹாமூன் ஏரிகளில் போய்ச் சேர்கிறது. 1973இல் இரு நாடுகளும் இந்த ஆற்றுநீர் பற்றி உடன்படிக்கை செய்திருந்தன. 90களின் கடைசியில் கடும் வறட்சி. கஜகி அணைக்குக் கீழே வரும் நீரைத் தாலிபான்கள் நிறுத்தினார்கள். ஹாமூன் வற்றி உப்புப் படுகையானது. மீன்பிடித்தும் நாணல் வெட்டியும் வாழ்ந்த சீஸ்தான் மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். காவிரிப் படுகையில் வாழ்பவர்களுக்கு இதன் வலியை விளக்க வேண்டியதில்லை.

அகதிகள் பிரச்சினை இன்னொன்று. சுமார் 20 லட்சம் ஆப்கானியர்கள் ஈரானில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அபின் கடத்தலைத் தடுக்கப் போய் உயிரிழந்த ஈரானியக் காவலர்களின் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. இத்தனையும் சேர்ந்துதான் தெஹ்ரானை வடக்குக் கூட்டணியின் தளபதி அகமது ஷா மசூதின் பக்கம் தள்ளின. அங்கே ஏற்கெனவே இரண்டு நாடுகள் நின்றிருந்தன. ஒன்று ரஷ்யா: 2000 ஜனவரியில் செச்சினியாவைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டவர்கள் தாலிபான்கள், அதை மாஸ்கோ மறக்கவில்லை. இன்னொன்று இந்தியா: 1999 டிசம்பர் கடைசியில், கடத்தப்பட்ட இந்திய விமானம் நின்ற காந்தஹார் விமான நிலையத்தில் என்ன நடந்தது என்பதை இந்தத் தொடரின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாஜிகிஸ்தானின் ஃபர்க்கோரில் மசூதின் வீரர்களுக்காக இந்தியா ஒரு மருத்துவமனையை நடத்திவந்தது.

ஆக, செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கா ஆப்கானிஸ்தானுக்குள் தரைப்படையாகப் பயன்படுத்த ஒரு கூட்டாளியைத் தேடியபோது, கண்ணில் பட்ட ஒரே படை ஈரானும் ரஷ்யாவும் இந்தியாவும் ஆண்டுக்கணக்காகத் தாங்கிப் பிடித்திருந்த படைதான். அமெரிக்காவின் அதிகாரபூர்வமான கூட்டாளியான பாகிஸ்தான் தாங்கிப் பிடித்ததோ எதிர்த்தரப்பை. தாலிபான் அரசை ஏற்றுக்கொண்டிருந்த மூன்றே நாடுகளில் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் செப்டம்பரிலேயே விலகிக்கொண்டன. பாகிஸ்தான் இஸ்லாமாபாதிலிருந்த தாலிபான் தூதரகத்தை மூடியது நவம்பர் 22 அன்றுதான். ஒப்பந்தத் தாள்களில் எழுதியிருந்த நட்பும் பகையும் ஒரு பக்கம், தரையில் இருந்த நலன்கள் மறுபக்கம். இந்த முரணை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் பிறகு நடந்தவை எதுவும் விளங்காது.

அமெரிக்காவும் ஈரானும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஒரு சிறிய வாசல் முன்பே திறந்திருந்தது. 1997 முதல் ஆப்கானிஸ்தானின் ஆறு அண்டை நாடுகளும் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஐ.நா.வின் கூரையின் கீழ் கூடிப் பேசிவந்தன. அதற்குப் பக்கத்தில், ஜெனீவாவில், இத்தாலியும் ஜெர்மனியும் உடனிருக்க அமெரிக்க–ஈரானிய அதிகாரிகள் சந்தித்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு நாடுகளும் பெரும்பாலும் மரியாதைக்காக இருந்தன, பேச்சு இவர்களுக்குள்தான். செப்டம்பர் 11க்குப் பிறகு அந்தச் சந்திப்புகள் சூடு பிடித்தன. அமெரிக்கத் தரப்பில் பேசிய ரயன் க்ராக்கர், தாலிபான் படைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று குறித்த வரைபடத்தை ஈரானியர்கள் தனக்குக் காட்டியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அக்டோபர் 7 அன்று குண்டுவீச்சு தொடங்கியது. அமெரிக்க விமானிகள் யாராவது ஈரானிய மண்ணில் விழுந்தால் காப்பாற்றி ஒப்படைப்போம் என்று தெஹ்ரான் செய்தி அனுப்பியது.

இந்தப் பின்னணியோடுதான் பான் நகருக்கு வருகிறோம்.

ரைன் நதியின் கிழக்குக் கரையில், பான் நகருக்கு எதிரே, கோனிக்ஸ்விண்டர் ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் குன்று பீட்டர்ஸ்பெர்க். அதன் உச்சியில் ஒரு பெரிய விடுதி. 1938 செப்டம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவின் தலைவிதியை ஹிட்லரோடு பேசித் தீர்க்க வந்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் தங்கியது இங்கேதான். எதிர்க்கரையிலிருந்த கோடஸ்பெர்க்கில் ஹிட்லர் தங்கியிருந்தார். போருக்குப் பிறகு, தோற்ற ஜெர்மனியை மேற்பார்வையிட்ட அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு உயர் ஆணையர்கள் இதே கட்டடத்தில் அமர்ந்திருந்தார்கள். ஒரு நாட்டை அந்த நாட்டுக்காரர் இல்லாமலே பங்குபோட்ட நினைவும், வெளியார் காவலில் ஒரு நாடு மீண்டெழுந்த நினைவும் ஒரே கட்டடத்துக்கு உண்டு. ஜெர்மானியர்கள் இதை யோசித்துத்தான் இடம் கொடுத்தார்களா என்று தெரியாது. ஆனால் அந்த இரண்டு சாத்தியங்களும் 2001 நவம்பர் 27 அன்று அங்கே கூடியவர்களின் முன்னால் இருந்தன.

வந்த ஆப்கானியர்கள் நான்கு குழுக்கள். யூனுஸ் கானூனி தலைமையில் வடக்குக் கூட்டணி. ரோமில் வாழ்ந்துவந்த முன்னாள் மன்னர் ஸாஹிர் ஷாவின் ஆட்களாக அப்துல் சத்தார் சீரத் தலைமையில் ஒரு குழு. ஈரானோடு தொடர்புள்ளதாகக் கருதப்பட்ட சைப்ரஸ் குழு. பாகிஸ்தான் ஆதரவுள்ள பெஷாவர் குழு. இவர்களில் கையில் ஆயுதமும் காலடியில் நிலமும் இருந்தது முதல் குழுவுக்கு மட்டும்தான். மற்ற மூவரும் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். தாலிபான் தரப்பில் யாரும் அழைக்கப்படவில்லை. காந்தஹார் இன்னும் விழவே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கூட்டத்தை நடத்தியவர் ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி. அல்ஜீரியர், அந்நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், லெபனான் உள்நாட்டுப் போரை முடித்த தாயிஃப் உடன்பாட்டில் பெரும் பங்காற்றியவர். அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் டாபின்ஸ் சோமாலியா, ஹைட்டி, பாஸ்னியா, கொசோவோ என்று இடிந்த நாடுகளிலேயே பணிபுரிந்து பழகியவர். ஈரான் அனுப்பியது அப்போது துணை வெளியுறவு அமைச்சராக இருந்த முகமது ஜவாத் ஸரீஃபை. அமெரிக்காவில் படித்தவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர். ரஷ்யாவிலிருந்து ஸமீர் கபூலோவ். இந்தியாவிலிருந்து சதீந்தர் லாம்பா. லாம்பா பிறந்தது பிரிவினைக்கு முந்தைய பெஷாவரில், ஆப்கானிஸ்தானுக்குப் போகும் வழியின் கடைசிப் பெருநகரில்.

அது ரமலான் மாதம். பகலில் ஆப்கானியர்கள் நோன்பிருந்தார்கள். உண்மையான பேச்சு, சூரியன் மறைந்து நோன்பு திறந்த பிறகே தொடங்கும், விடியும்வரை நீளும். வெளிநாட்டுத் தூதர்களுக்கு மேசையில் இடமில்லை. அவர்கள் கூடத்திலும் தாழ்வாரங்களிலும் அலைந்தார்கள், காலையில் காபிக் கோப்பைகளோடு கூடி இரவில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்று தகவல் பரிமாறிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளாக ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்திவந்த இரு அரசுகளின் பிரதிநிதிகள் அங்கே தினமும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் காலை, ஐ.நா. தயாரித்த வரைவு உடன்படிக்கையைப் புரட்டிப் பார்த்த ஸரீஃப், இதில் ஜனநாயகம் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, புதிய அரசு தேர்தல் நடத்தும் என்று எழுத வேண்டாமா என்று டாபின்ஸிடம் கேட்டார். பயங்கரவாதத்துக்கு எதிராக ஆப்கானிஸ்தான் ஒத்துழைக்கும் என்பதும் இடம்பெற வேண்டும் என்றார். டாபின்ஸ் தன் நினைவுக் குறிப்புகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஈரானின் உள்நாட்டு அரசியலைப் பார்த்து இதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காபூலில் வாக்கெடுப்பு நடந்தால் ஹஸாராக்களும் தாஜிக்குகளும் உஸ்பெக்குகளும் சேர்ந்து கணிசமான இடம் பெறுவார்கள், இனி எந்த ஒரு குழுவும் தனியாக ஆள முடியாது, எனவே ஈரானின் கிழக்கு எல்லையில் மற்றொரு தாலிபான் எழாது. தெஹ்ரானின் கணக்கு அது. அமெரிக்கா வேறொரு காரணத்துக்காக அதையே விரும்பியது. காரணம் வேறானாலும் வாக்கியம் ஒன்றுதான், அது உடன்படிக்கையில் ஏறியது.

தலைவர் யார் என்ற கேள்வியிலும் இப்படித்தான். வடக்குக் கூட்டணியிடம் அப்போதும் ஐ.நா.வில் அங்கீகாரமுள்ள ஓர் அதிபர் இருந்தார், புர்ஹானுத்தீன் ரப்பானி. அவர் தாஜிக். பஷ்தூன்கள் ஏற்க மாட்டார்கள், பாகிஸ்தான் அறவே ஏற்காது. முன்னாள் மன்னரைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பலர் ஆசைப்பட்டார்கள். தன் மன்னரைத் துரத்திவிட்டுப் பிறந்த ஈரானியக் குடியரசு பக்கத்து வீட்டில் ஒரு ஷா முடிசூடுவதை எப்படிப் பொறுக்கும்? எல்லோருக்கும் ஒரே அளவுக்கு உவப்பாக இருந்தவர் ஹமீத் கர்சாய். துர்ரானி பஷ்தூன், போபல்ஸாய் கூட்டத்தார், 1999இல் குவெட்டாவில் தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்தவர், சிம்லாவில் எம்.ஏ. படித்தவர். சொந்தப் படை என்று பெரிதாக எதுவும் இல்லை. அந்த இல்லாமையே அவரது பெரிய தகுதி. மாநாட்டுக்கு முந்தைய தன் பயணத்தில் பாகிஸ்தான் உளவுத்துறைத் தலைமையும் வடக்குக் கூட்டணியின் அப்துல்லாவும் இதே பெயரைச் சொன்னதாக டாபின்ஸ் எழுதுகிறார். ஒருவரை ஒருவர் முகத்தில் பார்க்க விரும்பாத இரு தரப்பும் ஒரே மனிதரைச் சொன்னால் அதை விடுவாரா எந்தத் தூதரும்?

மாநாட்டின் முதல் நாள் கர்சாய் பானில் இல்லை. உருஸ்கான் மலைகளில் தாலிபான்களோடு சண்டையில் இருந்தார். செயற்கைக்கோள் தொலைபேசி வழியே அவர் குரல் மண்டபத்தில் ஒலித்தது. ரோம் குழுவினர் தங்களுக்குள் சீரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பது சங்கடமான செய்தி. சீரத் உஸ்பெக் இனத்தவர். பஷ்தூன் ஒருவர் தலைமையேற்க வேண்டும் என்ற வெளிநாடுகளின் முடிவுக்கு முன்னால் அந்த வாக்குகள் செல்லுபடியாகவில்லை. பல நாள் வற்புறுத்தலுக்குப் பிறகு சீரத் ஒதுங்கினார். ஆப்கானியர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்று பின்னாளில் சொல்லப்பட்டதை எடைபோடும்போது இந்த ஒரு நிகழ்ச்சியையும் தட்டில் வைக்க வேண்டும். பஷ்தூன்களுக்குப் போதிய இடமில்லை என்று ஜலாலாபாதின் ஹாஜி அப்துல் காதிர் பாதியில் எழுந்து போனதையும் சேர்த்து.

கடைசிச் சிக்கல் அமைச்சகங்கள். டிசம்பர் 4 இரவு. மறுநாள் காலையில் ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடர் முன்னிலையில் கையெழுத்து என்று அறிவித்தாயிற்று. வடக்குக் கூட்டணி முக்கால்வாசி அமைச்சகங்களைக் கேட்டு அசையாமல் நின்றது. காபூலில் ரப்பானி இந்த ஏற்பாடு முழுவதையுமே இழுத்தடித்துக்கொண்டிருந்தார். நடுநிசிக்குப் பிறகு பிராஹிமியின் அறையில் கானூனியைச் சுற்றி டாபின்ஸ், ஸரீஃப், கபூலோவ், லாம்பா, ஜெர்மன் தூதர் எல்லோரும் அமர்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். கானூனி மசியவில்லை.

அப்போது ஸரீஃப் எழுந்தார். கானூனியை அறையின் ஒரு மூலைக்கு அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சில நிமிடங்கள் பேசினார். திரும்பி வந்த கானூனி, மற்றவர்களுக்கு இரண்டு அமைச்சகங்களை விட்டுத்தருகிறேன், மேலும் மூன்றைப் புதிதாக உருவாக்கி அவற்றையும் அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார். உடன்பாடு கைகூடியது.

அந்த மூலையில் என்ன பேசப்பட்டது என்பதைப் பற்றிப் பல கதைகள் உண்டு. எனக்கு அந்தக் கதைகளைவிட முக்கியமாகப் படுவது, அந்தச் சொல்லைச் சொல்லத் தகுதி யாருக்கு இருந்தது என்பதே. ஆறு ஆண்டுகளாக அந்தக் கூட்டணிக்குத் தோள்கொடுத்த நாட்டின் தூதர் ஸரீஃப். இதற்கு மேல் கேட்காதே என்று அவர் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு. மாஸ்கோவும் தன் பங்குக்குக் காபூலுக்குச் செய்தி அனுப்பியது: இந்த ஏற்பாட்டை முறித்தால் இனி எங்கள் உதவியை எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஓரிரவில் வாஷிங்டன், தெஹ்ரான், மாஸ்கோ, டெல்லி நான்கும் ஒரே மனிதரிடம் ஒரே விஷயத்தைக் கேட்டன. 1992இல் இப்படி ஓர் இரவு வாய்த்திருந்தால் காபூலில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் 5 காலை கையெழுத்தானது. ஆறு மாத இடைக்கால நிர்வாகம், பிறகு அவசர லோயா ஜிர்கா (பெரும் பேரவை), அதன் பின் அரசியல் சட்டம், தேர்தல். பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு மூன்றும் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கின் மூவரிடம் போயின: ஃபஹீம், கானூனி, அப்துல்லா. சீமா சமர் துணைத் தலைவர்களில் ஒருவரானார், மகளிர் துறையும் அவரிடம். அதே நாள் காந்தஹாருக்கு வடக்கே ஷா வலி கோட்டில் அமெரிக்கக் குண்டு ஒன்று குறிதவறி விழுந்து அமெரிக்க வீரர்கள் மூவரையும் கர்சாயின் ஆட்கள் பலரையும் கொன்றது. சிறு காயத்தோடு தப்பிய கர்சாய்க்கு, தான் நாட்டின் தலைவராகிவிட்ட செய்தி தொலைபேசியில் வந்தது.

டிசம்பர் 22 அன்று காபூலில் பதவியேற்பு. ஹெராத்தின் இஸ்மாயில் கான் வருவாரா மாட்டாரா என்று கவலை இருந்தது. மேற்கு ஆப்கானிஸ்தானில் அவர் வைத்ததுதான் சட்டம். ஈரானிய வெளியுறவு அமைச்சர் கமால் கர்ராஸி வழியில் ஹெராத்தில் இறங்கி அவரை உடன் அழைத்துவந்தார். இந்தியாவிலிருந்து வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பயணிகளை மீட்க மூன்று கைதிகளோடு காந்தஹாரில் இறங்கியவர், இப்போது 1996இல் மூடிய இந்தியத் தூதரகத்தைத் திறக்கக் காபூலில் இறங்கினார். அதற்கு ஒன்பது நாள்கள் முன்புதான் டெல்லியில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டிருந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் படைகளைக் குவித்துக்கொண்டிருந்தன. பானில் அடங்கியிருந்த அந்தப் பகை திரும்பவும் தலைதூக்கியது. காபூலில் இந்தியக் கொடி ஏறுவதை இஸ்லாமாபாத் தன் முதுகுக்குப் பின்னால் திறந்த இன்னொரு போர்முனையாகவே பார்த்தது.

என் பார்வையில் பான் உடன்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். குன்றின் மேல் ஒன்றுபட்ட நாடுகளை இணைத்தது தாலிபான் வேண்டாம் என்ற ஒரே நலன். அந்த நலனில் பங்கில்லாத நாடு பாகிஸ்தான். ஆப்கானிஸ்தானோடு அதன் எல்லை 2,000 கிலோமீட்டருக்கும் மேல். தோற்றவர்கள் போய் ஒதுங்கிய இடமும் அதுவே. பாகிஸ்தானுக்கு நியாயமான அச்சங்கள் எவை, அவற்றுக்கு என்ன உத்தரவாதம் தரலாம் என்று பானில் எவரும் ஆழமாகப் பேசவில்லை. தோற்றவர்களில் சரணடைய விரும்பியவர்களுக்கு என்ன வழி என்றும் பேசவில்லை. தாலிபானை மேசைக்கு வெளியே நிறுத்தியதே மூலப் பிழை என்று பிராஹிமியே பின்னாளில் வருந்திச் சொன்னார். அன்றைய கோபத்தில், நியூயார்க்கின் இடிபாடுகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தபோது, வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா என்பது கடினமான கேள்விதான். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஹெல்மந்த், காந்தஹார் கிராமங்களில் வாழ்ந்தவர்கள், பானில் கையெழுத்திட்டவர்கள் அல்ல.

இனி, கிடைத்த ஒற்றுமை என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

2002 ஜனவரி 21, 22 தேதிகளில் டோக்கியோவில் நன்கொடை நாடுகள் கூடின. மொத்தம் 450 கோடி டாலர் அளவுக்கு வாக்குறுதிகள் சேர்ந்தன. ஐந்தாண்டுகளுக்கு 56 கோடி டாலர் தருவதாக ஈரான் சொன்னது. அமெரிக்கா தன் பங்காக முதல் ஆண்டுக்கு அறிவித்தது சுமார் 30 கோடி. ஹெராத்துக்குச் சாலை, மின்கம்பி என்று ஈரானியப் பணம் பிறகு நிஜமாகவே வந்தது. ஆனால் அதே மாதத் தொடக்கத்தில் செங்கடலில் கரீன் ஏ என்ற கப்பலை இஸ்ரேல் மறித்தது. அதிலிருந்த சுமார் 50 டன் ஆயுதங்கள் ஈரானிலிருந்து பாலஸ்தீனத் தரப்புக்குப் போனவை என்றது. ஈரான் மறுத்தது, வாஷிங்டன் நம்பவில்லை.

ஜனவரி 29 இரவு அமெரிக்க நாடாளுமன்றத்தில் புஷ் உரையாற்றினார். ஈராக், வட கொரியா, ஈரான் மூன்றையும் தீமையின் அச்சு என்று ஒரே மூச்சில் சேர்த்தார். ஸரீஃப் கானூனியை மூலைக்கு அழைத்துப்போன இரவுக்கும் இந்த இரவுக்கும் இடையே இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உரையை எழுதியவர்களின் கவனம் ஈராக் மீது இருந்தது. பானில் நடந்தது அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. தெஹ்ரானில் அமெரிக்காவோடு பேசலாம் என்று வாதாடிவந்த அதிபர் முகமது காதமியின் ஆட்களுக்கு அன்று தலைகுனிவு. பேசியதால் என்ன கண்டீர்கள் என்று கேட்டவர்களின் கை ஓங்கியது. பிப்ரவரியில் ஈரான் தன் நாட்டில் இருந்த ஹிக்மத்யாரின் அலுவலகங்களை மூடியது. அவர் ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பி, அடுத்த பல ஆண்டுகள் கர்சாய் அரசையும் அமெரிக்கப் படையையும் எதிர்த்துப் போரிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகும் வாசல் முழுதாக மூடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 2002 மார்ச்சில் ஜெனீவாவில், ஆப்கானிஸ்தானுக்குப் புதிய ராணுவம் அமைப்பது பற்றிய கூட்டத்துக்கு ஈரான் சீருடை அணிந்த தளபதி ஒருவரை அனுப்பியது. அவர் டாபின்ஸிடம் சொன்னது இது: உங்கள் தலைமையில் நடக்கும் பயிற்சித் திட்டத்தில் நாங்களும் சேர்கிறோம். 20,000 ஆப்கான் வீரர்கள் வரை எங்கள் செலவில் தங்கவைத்து, உடையும் உணவும் கொடுத்துப் பயிற்றுவிக்கிறோம். அமெரிக்கப் பயிற்சியும் ஈரானியப் பயிற்சியும் ஒன்றோடொன்று முரண்படாதா என்று டாபின்ஸ் தயங்கினார். ஷா காலத்தில் நீங்கள் எங்களுக்குக் கொடுத்த கையேடுகளைத்தான் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம் என்று தளபதி பதில் சொன்னார்.

டாபின்ஸ் அந்தச் செய்தியோடு வாஷிங்டனுக்குப் பறந்தார். வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, பாதுகாப்பு ஆலோசகர் கொண்டலீசா ரைஸிடம் சொல்லச் சொன்னார். ரைஸ் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டும் இருக்கும் கூட்டத்தில் சொல்லச் சொன்னார். சில நாள்களில் அந்தக் கூட்டம் கூடியது. டாபின்ஸ் ஈரானின் யோசனையை முழுதாக எடுத்துரைத்தார். ரம்ஸ்ஃபெல்ட் தன் முன்னாலிருந்த தாள்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேறு யாரும் ஆதரித்தோ எதிர்த்தோ பேசவில்லை. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. ஈரானுக்கு எந்தப் பதிலும் அனுப்பப்படவில்லை.

க்ராக்கரின் ரகசியச் சந்திப்புகள் மட்டும் ஜெனீவாவிலும் பாரீஸிலும் 2003 மே வரை நீடித்தன. ஆனால் அந்த மேசையில் பேச்சு மெதுவாக ஆப்கானிஸ்தானை விட்டு விலகிக்கொண்டிருந்தது. பாக்தாதில் சதாம் வீழ்ந்தால் அங்கே யார் உட்காருவது என்று இரு தரப்பும் கேட்கத் தொடங்கியிருந்தன. அடுத்த அத்தியாயத்தில் 2002 ஜூனுக்கு, காபூலில் கூடிய லோயா ஜிர்காவுக்குப் போவோம்.

(தொடரும்)